ஜட்ஜ் ஐயாவின் குடும்பக் கடிதங்கள்

எண்பத்தாறாம் ஆண்டு பனி கரையத் தொடங்கிய நாள்களில் ரொறன்ரோவில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. எப்போதோ செத்துப்போன ஒரு நீதிபதியின் கடிதங்களை வாசிக்கும் வேலை. கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்போது எங்கள் ஆட்களில் பெண்கள் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குவார்கள், அல்லது ஹோட்டலில் படுக்கை விரிப்பு மாற்றுவார்கள். ஆண்கள் கோப்பை கழுவுவார்கள். என் கணவரும் அதைத்தான் செய்தார். "செத்த ஜட்ஜுக்கு உயிரோட ஒரு கிளாக்கர் அம்மா" என்று அவர் என்னைப் பகிடி பண்ணினார்.

சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் நாங்கள் குடியிருந்தோம். கீழே உடுப்புத் தோய்க்கும் அறையின் சுவரில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. பழைய ஆங்கிலக் கையெழுத்து வாசிக்கவும் ரைப் அடிக்கவும் தெரிந்த ஒருவர் தேவையாம். எனக்கு இரண்டும் தெரியும். யாழ்ப்பாணத்தில் கலியாணத்துக்கு முன்பிருந்தே ஒரு நொத்தாரிசின் கந்தோரில் வேலை பார்த்தவள் நான். வெள்ளைக்காரன் காலத்துக் காணி உறுதிப் பத்திரங்களை வாசித்துப் படியெடுப்பதே அங்கே என் வேலை. அந்தக் கோழிக் கிறுக்கலை வாசித்தவள் உலகத்தில் எந்த எழுத்தையும் வாசிக்கலாம் என்றொரு திமிர் எனக்கு இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

வேலை தந்தவர் எழுபது வயது தாண்டிய ஒரு கனடியப் பெண்மணி. கலியாணம் செய்யாதவர். எங்கள் கட்டடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு பழைய செங்கல் வீட்டில் தனியாக இருந்தார். நேரில் மிஸ் என்பேன், வீட்டில் கிழவி என்போம். அவருடைய பூட்டனுக்குப் பூட்டன் அமெரிக்காவில் நீதிபதியாக இருந்தவராம். அங்கே இங்கிலாந்தின் ஆட்சி முடிந்து புது நாடு தொடங்கிய காலம். குடும்பத்தில் ஒரு கிளை பிறகு கனடாவுக்கு வந்தபோது அவருடைய கடிதங்களும் பெட்டியோடு வந்துவிட்டன. அவர் அனுப்பியவற்றின் நகல்கள், அவருக்கு வந்தவை, எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. கிழவிக்கு அவற்றை இரண்டாகப் பிரிக்க வேண்டும். குடும்பக் கடிதங்களைப் புத்தகமாக்கி, சகோதரனின் மகனான மருமகனின் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். வியாபாரக் கடிதங்களை ஒரு நூலகத்துக்குக் கொடுப்பார். சாப்பாட்டு மேசையில் எனக்கு ரைப்ரைற்றரும் இரண்டு மரத் தட்டுகளும் வைத்தார். இடது தட்டு குடும்பம், வலது தட்டு வியாபாரம்.

சொல்வது சுலபம். ஜட்ஜ் ஐயாவுக்கு அப்படிப் பிரித்து எழுதத் தெரியாது. ஒரே தாளில் ஆலைக் குத்தகை வரும், மனைவியின் பல்வலி வரும், வழக்காளி ஒருவனைப் பற்றிய வசவு வரும், கடைசியில் மகளுக்கு இருமல் மருந்தும் வரும். மகனின் எழுத்துப் பிழைகளைத் திருத்தித் திருப்பி அனுப்புவார். அப்பிள் கன்று நடுவதைப் பற்றி மருமகனுக்கு மூன்று பக்கம் எழுதுவார். நாங்கள் ஐயா என்று கூப்பிட்ட என் தகப்பனும் இப்படித்தான். தலைமை வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், நான் எழுதிய கடிதத்திலும் ஒற்றுப் பிழை பார்த்தவர். அவர் செத்து அப்போது சில வருடங்கள் ஆகியிருந்தன. அதனாலோ என்னவோ ஜட்ஜ் ஐயாவில் எனக்குப் பெரிய பட்சம். பின்னேரம் வீட்டுக்கு வந்து, இண்டைக்கு ஜட்ஜ் ஐயா மகனுக்கு என்ன ஏச்சு ஏசினார் தெரியுமோ என்றுதான் கதையைத் தொடங்குவேன்.

முதல் பிழை ஒரு காணிக் கடிதத்தில் வந்தது. மூத்த மகளுக்குக் கலியாணம் பேசும்போது ஆற்றங்கரைக் காணியை அவள் பெயருக்கு எழுதுவதைப் பற்றி ஜட்ஜ் ஐயா சட்டத்தரணிக்கு எழுதியிருந்தார். நான் அதை இடது தட்டில் போட்டேன். கிழவி எடுத்து வலது தட்டில் போட்டார். காணிக் கைமாற்றம் வியாபாரம் அல்லவா என்றார். மகளுக்குக் கொடுக்கிற காணி எப்படி வியாபாரமாகும், எங்கள் ஊரில் குடும்பம் என்றாலே அதுதான் என்றேன். சீதனத்தைப் பற்றி அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். கிழவி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அப்படியென்றால் குடும்பம்தான் என்று இடது தட்டுக்கே திருப்பிப் போட்டார். அன்றிலிருந்து தட்டு எதுவென்று அவர் என்னைக் கேட்கத் தொடங்கினார். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

ஒன்றரை வருடம் அப்படிப் போனது. எண்பத்தெட்டாம் ஆண்டின் தொடக்கத்தில்தான் அந்தக் கடிதம் கைக்கு வந்தது. ஜட்ஜ் ஐயா கலியாணம் முடித்துப் போன மகளுக்கு எழுதியது. பனியைப் பற்றிச் சொல்லி, பேரன் நடக்கத் தொடங்கியதைக் கேட்டுச் சந்தோசப்பட்டு, பிறகு இப்படி எழுதியிருந்தார்: நீ கேட்ட சிறு பெட்டையை அடுத்த வண்டியில் அனுப்புகிறேன். நல்ல பிள்ளை, கைவேலை பழகிவிட்டாள். இரண்டொரு இரவு அழுவாள், பிறகு பழகிவிடுவாள். இவ்வளவுதான். அடுத்த வரியில் பன்றி இறைச்சிக்கு உப்பிடுவதைப் பற்றித் தொடங்கிவிட்டார்.

நான் அதை ரைப் அடித்து இடது தட்டில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பிள்ளை பெற்ற மகளுக்குத் தகப்பன் வீட்டிலிருந்து ஒரு பெட்டையை உதவிக்கு அனுப்புவதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கிழவி பின்னேரம் தட்டைப் பார்த்தார். கடிதத்தை எடுத்து வாசித்தார். காணிக் கடிதத்துக்குச் சிரித்தவர் இப்போது சிரிக்கவில்லை. எழும்பிப் போய் ஆலைக் கணக்குக் கட்டிலிருந்து ஒரு தாளைத் தேடி எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். விற்பனைச் சீட்டு. அந்தச் சிறுமியை ஜட்ஜ் ஐயா அடிமையாக விலைக்கு வாங்கிய சீட்டு. அவளுடைய பெயர், வயது, தாயின் பெயர், எந்த ஊரில் எந்தப் பண்ணையிலிருந்து வாங்கியது, எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தன. "இவள் குடும்பம் இல்லை" என்றார் கிழவி. "இவளை வாங்கியிருக்கிறார்கள். இதை வாசித்துவிட்டு எப்படி இந்தப் பக்கம் போட்டீர்கள்?"

அவருடைய குரலில் கோபம் இல்லை. அவருக்கும் முகம் சிவந்திருந்தது. தன்னுடைய பூட்டன் செய்ததை ஒரு வெளியாளுக்குக் காட்டவேண்டி வந்த வெட்கம் அது. நான் பேசாமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே? "எங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கிறாள்" என்று தொடங்கிவிட்டேன்.

இருந்தாள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் பஞ்சம் வந்த காலத்தில் ஐயா அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அங்கே படிப்பித்துக்கொண்டிருந்த ஒரு சிநேகிதர் பிடித்துக் கொடுத்தாராம். ஏழெட்டு வயது இருக்கும். வீட்டு வாசலில் நின்று அவள் தன் பெயரைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். அதுதான் என் பெயரும். ஒரு வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் எப்படி என்று அம்மா அவளுக்கு வேறு பெயர் வைத்தார். அவளும் சரி என்றாள். யாழ்ப்பாணத்தில் வசதியான வீடுகள் பலவற்றில் அப்போது அப்படியொரு பிள்ளை இருந்தது. வேலைக்காரி என்று எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லமாட்டோம். "எங்கட பிள்ளை மாதிரி" என்றுதான் அம்மா சொல்லுவார். அந்த மாதிரி என்ற சொல்லில் எவ்வளவு வேலை அடங்கியிருந்தது! விடிய எழும்பி முற்றம் கூட்டுவது, கிணற்றில் அள்ளுவது, மா இடிப்பது, எல்லோரும் சாப்பிட்ட பிறகு குசினி அடுப்படியில் குந்தியிருந்து சாப்பிடுவது.

இதையெல்லாம் நான் கிழவிக்குச் சொல்லவில்லை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, என் பெற்றோர் எடுத்து வளர்த்தார்கள் என்று மட்டும் சொன்னேன். கிழவியின் முகம் மலர்ந்தது. உங்கள் தாய் தகப்பன் எவ்வளவு நல்லவர்கள் என்றார். தலைமை வாத்தியாரின் வீடல்லவா, அவள் இப்போது என்ன படிக்கிறாள் என்று கேட்டார்.

"படிப்பு முடிஞ்சுது" என்பதை ஆங்கிலத்தில் சொன்னேன். தொடங்காதது எப்படி முடியும்? ஐயா பின்னேரங்களில் வீட்டு விறாந்தையில் அயலில் உள்ள ஏழைப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் படிப்பித்தவர். ஊரெல்லாம் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. அந்தப் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள் எங்கள் பிள்ளை. நீயும் இரு என்று ஐயா ஒருநாளும் சொல்லவில்லை. நானும் அம்மாவும்கூடச் சொல்லவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்று அடுத்தவரைச் சொல்ல எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கிழவி என் பெற்றோரைப் புகழப் புகழ எனக்குக் காது சுட்டது. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த மாதமே அம்மாவின் கடிதம் வந்தது. ஊரில் இந்திய இராணுவம் வந்து சண்டை தொடங்கிய பிறகு அம்மா கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்தார். எங்கள் பிள்ளையும் கூட வந்திருந்தாள். அம்மாவை இங்கே எடுப்பதற்கு நாங்கள் ஸ்பொன்சர் செய்திருந்தோம், அது சரிவந்துவிட்டது. நலம், நலமறிய ஆவல் எல்லாம் முடிந்த பிறகு அம்மா எழுதியிருந்தார்: "அவளைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம். சின்னம்மா தனக்கு ஆள் இல்லையென்று கேட்டபடி இருக்கிறா. அங்கே விட்டுவிட்டு வருகிறேன். இரண்டு நாள் அழுவாள், பிறகு பழகிவிடுவாள்."

அம்மா ஆங்கிலத்தில் ஒரு வரி வாசிக்காதவர். ஜட்ஜ் ஐயாவின் மொழியை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

கணவரிடம் கடிதத்தைக் காட்டினேன். வாசித்துவிட்டு, "நல்லதுதானே, அந்தரிச்சு நிக்காமல் ஒரு இடம் கிடைச்சிட்டுது" என்றார்.

"அவளிட்ட ஒருத்தரும் கேக்கேல்லையே."

"என்னத்தைக் கேக்கிறது?"

"எங்க போக விருப்பமெண்டு."

"இஞ்ச பாரும், உமக்கு அந்தக் கிழவியோட இருந்து விசர் பிடிச்சிட்டுது. நாங்கள் அவளை விலைக்கே வாங்கினனாங்கள்? அடிச்சனாங்களே, சோறு போடேல்லையே? எங்கட வீட்டிலயும் ஒருத்தன் நிண்டவன்தானே." அந்த ஒருத்தன் இப்போது எங்கே என்று நான் கேட்டேன். தெரியாது என்றார்.

மறுநாள் வேலைக்குப் போனபோது கிழவி தொலைபேசியில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பெட்டையை அனுப்பிய கடிதமும் சீட்டும் புத்தகத்தில் வேண்டாம், பிள்ளைகள் வாசிக்கப் போகும் புத்தகம் என்று அவருடைய மருமகன் சொல்லியிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கக் கிழவி ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டையும் அடுத்தடுத்த பக்கத்தில் போடும்படி எனக்குச் சொன்னார். நான் ரைப் அடித்தேன். ஊர், பண்ணை, தாயின் பெயர். கிழவிக்கு அப்போதுகூட என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. என்னைப் போன்ற ஒருத்தியிடம் இந்த வேலை வந்து சேர்ந்ததே தன் அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலை நிமிரவில்லை.

அன்று பின்னேரம் அவளுக்கே ஒரு கடிதம் எழுதுவதென்று முடிவு செய்தேன். நீல ஏரோகிராம் ஒன்றை எடுத்து, உனக்கு எங்கே போக விருப்பம், சின்னம்மா வீட்டுக்கா, அல்லது உன் தாய் தகப்பனைத் தேடிப் போக வேண்டுமா, வேறு ஏதாவது தொழில் பழக விருப்பமா, எதுவென்றாலும் சொல், செய்கிறேன் என்று எழுதினேன். இங்கே கூப்பிட வழியில்லை என்பதையும் எழுதினேன். வெளியே பெயர் எழுதும்போதுதான் பேனை நின்றது. அவளுடைய உண்மையான பெயரை எழுதினால், அனுப்புகிறவரும் பெறுகிறவரும் ஒரே பெயராகிவிடும். அம்மா அதைப் பார்த்துவிட்டு எனக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைப்பார். நாங்கள் வைத்த பெயரையே எழுதினேன். ஓரத்தை ஒட்டிய பிறகுதான் உறைத்தது. இதை அவளால் வாசிக்க முடியாது. அம்மாதான் வாசித்துக் காட்ட வேண்டும். அம்மாவுக்கு முன்னால் நின்று, அம்மாவை விட்டுப் போக விருப்பம் என்று அவள் எப்படிச் சொல்லுவாள்? இவ்வளவு படித்த எனக்கு அது கடைசியாகத்தான் ஓடியது. இருந்தும் தபால் பெட்டியில் போட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பதில் அம்மாவின் கையெழுத்தில் வந்தது. "அவளுக்கு என்னத்துக்குத் தனிக் கடிதம்? இருந்தாலும் வாசித்துக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தனக்கு ஒரு கடிதம் வந்ததென்று அடுத்த அறைக்காரருக்கும் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். எங்கே போக விருப்பமென்று கேட்டேன், அம்மா சொல்கிற இடத்துக்கு என்கிறாள். ஒன்றே ஒன்று உன்னிடம் கேட்கச் சொன்னாள். தன்னை எந்தத் தோட்டத்திலிருந்து கூட்டி வந்தது என்று. எனக்கு எங்கே ஞாபகம், ஐயாவுக்குத்தான் தெரியும் என்றேன். அக்காவின் வேலையே பழைய கடிதங்கள் வாசிக்கிறதுதானே, அக்காவுக்குத் தெரிந்திருக்கும் என்கிறாள்."

அந்த வரியை நான் எத்தனை தரம் வாசித்தேனோ. எனக்கு அழுகை வரவில்லை. ஒளிய ஓரிடம் வேண்டும் போலிருந்தது.

கோடையில் அம்மா வந்தார். அவளைச் சின்னம்மா வீட்டில் விட்டுவிட்டுத்தான் வந்தார். ஐயாவின் கடிதங்களையும் தாள்களையும் ஒரு பயணப் பெட்டியில் போட்டுக் கொண்டு வந்திருந்தார், அவற்றை விட்டுவர மனமில்லையாம். அம்மா களைத்துப் படுத்திருக்க, வரவேற்பறை நிலத்தில் இருந்து ஒவ்வொரு தாளாகப் பிரித்தேன். காணி உறுதிகள் இருந்தன. ஐயாவின் சைக்கிள் லைசென்ஸ் இருந்தது. சிவப்புப் பசுவை வாங்கியபோது எழுதிய துண்டுகூட இருந்தது, யாரிடமிருந்து, எந்த ஊர், என்ன அடையாளம் என்று. மலைநாட்டுச் சிநேகிதரின் கடிதம் ஒன்றும் அகப்பட்டது. சம்பள உயர்வைப் பற்றியும் இடமாற்றத்தைப் பற்றியும் எழுதிவிட்டு, கடைசியில், அனுப்பிய பிள்ளை சுகமாக இருக்கிறாளா என்று கேட்டிருந்தார். அவ்வளவுதான். மேலே முகவரி இருக்க வேண்டிய இடத்தில் "பாடசாலை விடுதி" என்று மட்டும் இருந்தது. அந்தச் சிநேகிதரும் செத்துப்போனார் என்று அம்மா எழும்பி வந்து சொன்னார்.

"அம்மா, வடிவா யோசிச்சுப் பாருங்கோ. என்ன தோட்டம்?"

"ஹற்றன் பக்கமெண்டு நினைக்கிறன் பிள்ளை. இல்லாட்டி நுவரெலியாவோ தெரியாது. மழை பெய்யிற இடம் எண்டு அவள் சொல்லுறவள்."

"அவளின்ர அம்மாவின்ர பேர்?"

"அதை ஆர் கேட்டது?" என்றார் அம்மா. நிலத்தில் கிடந்த தாள்களைப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார். "நாங்கள் அவளை எங்கட பிள்ளை மாதிரித்தானே வச்சிருந்தனாங்கள்" என்றார். குரல் இறங்கியிருந்தது. அம்மாவை நான் ஏசவில்லை. பதினாறு வயதில் வாசலில் நின்று சிரித்தவள் நான், அம்மாவை எந்த வாயால் ஏசுவது?

விலை கொடுத்து வாங்கியதால் ஜட்ஜ் ஐயா எழுதி வைத்தார். அந்தச் சிறுமியின் தாய்க்கு ஒரு பெயர் இருந்தது என்று இன்றைக்கும் யாரும் வாசிக்கலாம். நாங்கள் விலை கொடுக்கவில்லை, ஆகவே எழுதவில்லை. பிள்ளை மாதிரி என்றோம், சொந்தப் பிள்ளைக்கு எழுதுகிற எதையும் அவளுக்கு எழுதவுமில்லை. இவளுடைய தாள் எந்தத் தட்டிலும் இல்லை.

அவளுக்கு என்ன பதில் எழுதுவதென்று பல நாள் யோசித்தேன். ஹற்றன் என்று எழுதலாமா என்றும் நினைத்தேன், பொய்யென்றாலும் பிடித்துக்கொள்ள ஒரு ஊராவது இருக்குமே என்று. அதற்கும் மனம் வரவில்லை. அவளுடைய சொந்தப் பெயரை வெளியே எழுதி, எனக்குத் தெரியாது, எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, நாங்கள் கேட்டு வைக்கவில்லை, அது எங்கள் பிழை என்று உள்ளே எழுதி அனுப்பினேன்.

சின்னம்மா பதில் போட்டிருந்தார். மேலே உன்னுடைய பெயரையே எழுதியிருந்தாய், யாருக்கென்று விளங்காமல் நான்தான் உடைத்தேன் என்றிருந்தார். "பிறகு அவளுக்கு வாசித்துக் காட்டினேன். 'சரி' என்றாள். அடுப்பில் பால் இருக்கிறதென்று உள்ளே போய்விட்டாள்."